ஆப்பிளா ஆண்ட்ராய்டா என்றொரு வீண்வழக்கு

புத்தக வெளியீடு முடிந்து அரங்கின் வாசலில் தேநீரும் கையுமாக நிற்கும் இலக்கிய அன்பர்களின் பேச்சு, ஐந்து நிமிடங்களுக்கு மேல் அந்தப் புத்தகத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருந்து புதிய கைப்பேசியை எடுப்பார். உடனே கூட்டம் இரண்டாகப் பிரியும். 'அதெல்லாம் ஊரில் எல்லோர் கையிலும் இருக்கிற சாமான்' என்பார் ஐபோன்காரர். 'உங்களுடையது தங்கக் கூண்டு' என்பார் ஆண்ட்ராய்டுக்காரர். புதுமைப்பித்தனா மௌனியா என்று ஒருகாலத்தில் நடந்த சண்டையின் சூடு இப்போது இங்கேதான் இருக்கிறது. எங்கள் குழுவிலும் இந்த நோய் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

இலக்கியவாதிகள் கைப்பேசி பற்றிப் பேசுவதை நாங்கள் குறை கூறவில்லை. இன்னும் அதிகமாகவே பேச வேண்டும். எங்கள் புகார் வேறு. கேமரா, பேட்டரி, விலை, பின்புறக் கண்ணாடியின் பளபளப்பு என்று அரைமணி நேரம் ஓடும் அந்த வாதத்தில் தமிழ் என்ற சொல் ஒருமுறைகூட வருவதில்லை. தமிழில் படிப்பதையும் எழுதுவதையும் வாழ்வின் முதன்மைக் காரியமாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர்கள், தாம் படிக்கவும் எழுதவும் பயன்படுத்தும் கருவியைக் குறித்து, அது தமிழை எப்படி நடத்துகிறது என்று கேட்பதே இல்லை.

சற்றுப் பின்னால் போவோம். ஐபோன் வந்தது 2007இல். ஆண்ட்ராய்டில் இயங்கிய முதல் கைப்பேசி விற்பனைக்கு வந்தது 2008 அக்டோபரில். அன்றைய ஆண்ட்ராய்டில் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒபேரா மினி என்ற உலாவியை நிறுவி, அதன் மறைவான அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும்படி ஒரு தெரிவை மாற்ற வேண்டும். இந்த ரகசியத்தை நாம் ஒருவருக்கொருவர் நாட்டு வைத்தியக் குறிப்பு போலச் சொல்லிக்கொண்டோம். எழுத்து அங்கே எழுத்தாக வரவில்லை, படமாக வந்தது. அதற்கே மகிழ்ந்தோம்.

எழுத்துரு இருந்த கருவிகளிலும் வேறொரு கூத்து நடந்தது. யூனிகோடில் 'கொ' என்பது ககர எழுத்தும் அதன்பின் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டியது இயங்குதளத்தின் வேலை. அது தெரியாத கருவி, கொம்பைப் புள்ளிவட்டத்தோடு எங்கோ தொங்கவிடும். ஆண்ட்ராய்டின் நான்காம் பதிப்பு வரிசை வந்த பிறகே நிலைமை பெருமளவு சீரானது. அப்போதும் பழைய பதிப்போடு விற்கப்பட்ட கைப்பேசிகளுக்குப் புதுப்பதிப்பு தராமல் கைவிட்டார்கள் தயாரிப்பாளர்கள்.

ஐபோன்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். தமிழைத் திரையில் ஒழுங்காகக் காட்டிய பிறகும், தமிழில் தட்டச்சு செய்ய ஒரு விசைப்பலகையை ஆப்பிள் தன் இயங்குதளத்தில் சேர்த்தது 2013இல், ஐஓஎஸ் 7 வந்தபோதுதான். பிறர் உருவாக்கிய விசைப்பலகையை நிறுவிக்கொள்ள அனுமதி கிடைத்தது அதற்கும் அடுத்த ஆண்டு. அதுவரை ஒரு செயலிக்குள் எழுதி, நகலெடுத்து, வெளியே கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டோ 2009இலேயே பிறருடைய விசைப்பலகைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. ஆக, சில ஆண்டுகள் ஒன்றில் படிக்கலாம், நேராக எழுத முடியாது. மற்றதில் விசைப்பலகை வைத்துக்கொள்ளலாம், எழுதியது கட்டமாகத் தெரியும். அந்த ஆண்டுகளிலும் எது உயர்ந்தது என்று நம்மவர்கள் ஆங்கிலத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இதை யார் செய்தது? சந்தை தானாகச் செய்தது என்பார்கள். ஐபோன்காரர் தம் கைப்பேசியில் காணும் தமிழ் எழுத்துருவின் பெயர் தமிழ் சங்கம் எம்என். அந்த எம்என், மலேசியாவின் முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கான செல்லினத்தை அவர் கொண்டுவந்தது 2005இல், ஐபோன் என்ற பெயரே நமக்குத் தெரியாத காலத்தில். நிறுவனங்களுக்குள்ளும் வெளியேயும் இப்படிப் பலர், பெரும்பாலும் நம் பாராட்டோ நெருக்குதலோ இல்லாமல், உழைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் சங்கம் எதுவும், சிற்றிதழ் எதுவும், 'எங்கள் எழுத்தைக் காட்டாத கருவியை வாங்கமாட்டோம்' என்று ஒரு வரி எழுதி நாங்கள் பார்த்ததில்லை. நாங்களும் எழுதவில்லை.

'கருவி வெறும் கருவிதானே, இலக்கியத்துக்கு அதில் என்ன?' என்று கேட்கும் மூத்தவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. ணை, லை, னை போன்றவை பழைய வடிவை இழந்து இன்றைய வடிவம் பெற்றன. அச்சுக்கோக்கும் சிரமம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கருவி எழுத்தின் உருவையே மாற்றிய வரலாறு உள்ள மொழி இது. அந்த மாற்றத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் எழுத்தை முன்வைத்தே சண்டையிட்டார்கள்.

இன்று இரு தளங்களிலும் தமிழ் தெரிகிறது, எழுதவும் வருகிறது. எனவே வழக்கு தீர்ந்தது என்று எண்ணுவோர், எங்கள் நண்பர் ஒருவரின் குறுநாவலைப் பற்றிக் கேட்க வேண்டும். அலுவலகம் போய்வரும் ரயிலில், கைப்பேசியின் குறிப்புச் செயலி ஒன்றில் ஓராண்டு எழுதினார். அந்தச் செயலி மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. எழுதியவற்றைப் பிடிஎஃப் ஆக மட்டும் வெளியே எடுக்க வழி விட்டார்கள். எடுத்தார். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது கொம்புகள் எல்லாம் ஓர் எழுத்து தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தன. 'பொழுது' எங்கும் பொழுதாக இல்லை. இரண்டு மாதம் மறுபடி தட்டச்சு செய்தார். மூன்றாம் அத்தியாயத்தை முதலில் எழுதியபடி எழுத முடியவில்லை என்று இன்றும் சொல்கிறார்.

எழுதுவதற்கு நேர்ந்தது வாசிப்பதற்கும் நேர்கிறது. 2009இல் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, உரிமச் சிக்கல் என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் நீக்கியது. (அந்த நாவலையா நீக்க வேண்டும்!) 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணம் திரும்பி வந்தது, புத்தகங்கள் போயின. 2016இல் கிண்டிலுக்குத் தமிழ் நூல்கள் வந்தபோது விழா எடுத்தோம். வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அந்நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தியபோது, தேநீர் வட்டத்தில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. சிம்பியன் போயிற்று, பிளாக்பெர்ரி போயிற்று, விண்டோஸ் கைப்பேசி போயிற்று. இவற்றுக்கும் தம் காலத்தில் தீவிர விசுவாசிகள் இருந்தார்கள்.

திறந்த மூலம் என்று மார்தட்டும் ஆண்ட்ராய்டு அன்பர்களுக்கும் இது பொருந்தும். இயங்குதளத்தின் நிரல் திறந்திருக்கலாம். அதன்மேல் ஓடும் செயலியில் பூட்டிய புத்தகம் பூட்டிய புத்தகமே. 2013 முதல் இலவசத் தமிழ் மின்னூல்களை வெளியிட்டுவரும் குழுவினர், ஒரே நூலை ஈபப் ஆகவும் ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் ஆகவும் பூட்டின்றித் தருகிறார்கள். எந்தக் கைப்பேசி என்று அவர்கள் கேட்பதில்லை. திறப்பு என்று நாங்கள் சொல்வது இதை.

டேப்லெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சிற்றிதழ்களையும் அரிய நூல்களையும் பக்கம் பக்கமாக ஒளிவருடிய கோப்புகளாகப் படிப்பவருக்குப் பெரிய திரை வேண்டும், அவ்வளவே. மற்றவர்கள் வீட்டில் அது பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

அடுத்த கூட்டத்தில் யாராவது புதுக் கைப்பேசியை நீட்டினால் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்பதாக இருக்கிறோம். இதில் நீங்கள் எழுதியதை, எழுத்து சிதையாமல், வேறொரு நிறுவனத்தின் கருவிக்கு நாளையே கொண்டுபோக முடியுமா? இதில் வாங்கிய புத்தகத்தை, கடை மூடிய பிறகும் திறக்க முடியுமா? ஒத்திகைபோல, போன மாதம் புதிதாக ஒன்று வாங்கிய அந்தக் குறுநாவல் நண்பரிடமே கேட்டோம். தேநீரை வைத்துவிட்டு, நிலவை நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார்.