மேசைமேல் பாஞ்சாலங்குறிச்சி

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

நம் கல்லூரியில் ஆண்டு விழாவை ஒட்டி நடக்கும் போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி, கோலப் போட்டி, கயிறு இழுத்தல், சதுரங்கம், கேரம் என்று அறிவிப்புப் பலகை நிரம்பி வழிகிறது. அந்தப் பட்டியலின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். அந்த வரி: "சிற்றுருப் போர் விளையாட்டு – நட்புமுறைப் போட்டி".

"போரை விளையாடுவதா?" என்று பேராசிரியப் பெருமக்கள் புருவம் உயர்த்துவது என் மனக்கண்ணில் தெரிகிறது. சற்றே பொறுத்தருள வேண்டும்.

சதுரங்கம் என்ற சொல்லே நால்வகைப் படை என்ற பொருளுடையது. தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு உறுப்புகளையும் பலகைக்குக் கொண்டுவந்த நாடு இது. அந்த ஆட்டத்தில் நம் மாநிலம் அடைந்த உயரம் அனைவரும் அறிந்ததே. 1961இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988இல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றார். ஆனால் சதுரங்கத்தில் ஒரு குறை உண்டு. குறை என்பதைவிடக் கற்பனை என்பதே பொருத்தம். இருபுறமும் பதினாறு பதினாறு காய்கள், இருவருக்கும் ஒரே பலம், கட்டங்கள் எல்லாம் சமதரை. உலகில் எந்தப் போர் அப்படி நடந்தது?

நம் பாட்டிமார் இதை அறிந்திருந்தார்கள் போலும். திண்ணையிலும் கோயில் கல்தரையிலும் கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குத் தாவி வெட்டும் வலிமை. ஆட்டுக்குக் கூடி நின்று அடைக்கும் வலிமை. பலமும் வேறு, வெற்றியின் இலக்கணமும் வேறு. ஓர் ஆட்டம் முடிந்ததும் புலி ஆடியவர் ஆடு ஆடவேண்டும். இந்த இடமாற்றத்தை வாசகர் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

மேலைநாட்டில் இக்கலை வேறு வழியாக வளர்ந்தது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் இதை உருவாக்கினார்கள். மகன் 1824இல் வெளியிட்ட விதிகளின்படி எண்ணாயிரத்தில் ஒன்று என்ற அளவில் வரைந்த நிலப்படத்தின்மேல் சிவப்பு, நீலக் கட்டைகளை நகர்த்தினார்கள். நடுவர் ஒருவர் இருந்தார். சேதத்தைப் பகடை தீர்மானித்தது. படை அதிகாரிகளைப் பயிற்றுவதற்கென்றே அது பயன்பட்டது. பின்னர் ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் ஈயப் பொம்மை வீரர்களையும் சுருள்வில் பீரங்கிகளையும் வைத்துத் தரையில் ஆடும் விதிகளை 1913இல் ஒரு நூலாக்கினார். பெரிய போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது என்பது வரலாற்றின் குரூரமான வேடிக்கை. 1990இல் பில் பார்க்கரும் அவர் நண்பர்களும் வெளியிட்ட டி.பி.ஏ. என்ற விதிநூல் ஆட்டத்தை மிகவும் சுருக்கியது. பக்கத்துக்குப் பன்னிரண்டே படைப்பிரிவுகள், இரண்டடிச் சதுரப் பலகை, ஒரு மணி நேர ஆட்டம். ஒரே நாளில் பல சுற்றுப் போட்டி நடத்த இதனால் வழி பிறந்தது. அந்த நூலின் படைப்பட்டியலில் பழந்தமிழர் படையும் இடம் பெற்றிருக்கிறது. இங்கிலாந்தில் எங்கோ ஒரு மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரர் நம் யானைகளை ஓட்டிக்கொண்டிருக்க, ஒட்டப்பிடாரத்துக்கு அருகிலேயே இருக்கும் நாம் வாளாவிருக்கலாமா?

நாம் ஆடவேண்டிய களம் நம் வாசலிலேயே இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலரும் 1959இல் வந்த திரைப்படத்தைத்தான் ஒப்பிப்போம். 1799 செப்டம்பர் 5இல் பானர்மன் படையின் முதல் தாக்குதலைக் கோட்டை முறியடித்தது. அக்டோபர் 16இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலேற்றப்பட்டார். திரைப்படம் அங்கே முடிகிறது. நம் வரலாற்று அறிவும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் போர்க்கலையில் ஆர்வமுள்ளவனுக்கு உண்மையான கதை அதன்பிறகுதான் தொடங்குகிறது.

1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தபோது, இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த கோட்டை ஒரு வாரத்துக்குள் மீண்டும் எழுந்து நின்றது. அந்தப் போரில் கலந்துகொண்ட வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் கோட்டையின் அளவுகள் உள்ளன. ஏறத்தாழ 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயரச் சுவர். கல் கிடையாது, முழுக்க மண், அதுவும் பசைபோல் இறுகும் மண். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. உள்ளே நீண்ட ஈட்டிகளோடு வீரர்கள். மார்ச் 31இல் கும்பினிப் படை முட்டி மோதி, பெருஞ்சேதத்தோடு பின்வாங்கியது. சிறு பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் கல் சிதறும். இந்த மண்ணோ குண்டை விழுங்கிக்கொண்டது. பெரிய பீரங்கிகளும் புதுப்படையும் வரும்வரை மெக்காலே காத்திருக்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடியும் அந்த நாட்களில் கிளர்ச்சிக்காரர் கையில் விழுந்தது. இறுதியில் கர்னல் அக்னியூ வந்து மே 24இல்தான் கோட்டையைப் பிடித்தார். மார்ச் 31க்கும் மே 24க்கும் இடையே 54 நாட்கள்!

ஏன் 54 நாட்கள்? முற்றுகையிட்டவர்களுக்கு என்ன குறை? உள்ளிருந்தவர்கள் வெளியே வந்து தாக்கியிருந்தால்? பெரிய பீரங்கி வரும் வழியை மறித்திருந்தால்? தேர்வுத்தாளில் இக்கேள்விகள் வருவதில்லை. "பாஞ்சாலங்குறிச்சிப் போரின் விளைவுகள் யாவை?" என்றுதான் வரும், நாமும் ஐந்து விளைவுகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருவோம். களத்தை மேசைமேல் வைத்து நீங்களே மெக்காலேயாக உட்கார்ந்து பாருங்கள். பீரங்கி வராத ஒவ்வொரு வாரமும் எவ்வளவு நீளமானது என்று தெரியும்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம். வெளிநாட்டில் வண்ணம் பூசிய உலோகப் பொம்மைகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுகிறார்கள். நமக்குக் கடவுள் குன்றிமணியைக் கொடுத்திருக்கிறார். செஞ்சட்டைச் சிப்பாய்க்கு அதைவிடப் பொருத்தமான உருவம் உண்டா? கோட்டைக்குள் இருப்போர் புளியங்கொட்டை. ஒரு விதைக்கு இருபது வீரர் என்று கணக்கு. இருபதடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் கோட்டை 25 அங்குலம், 15 அங்குலம். நம் நூலக மேசையில் தாராளமாக அடங்கும். சுவருக்குக் களிமண், வேலிக்கு உடைமுள், பனைமரத்துக்கு ஈர்க்கு. கொலு வைக்கும் வீட்டுப் பிள்ளைகள் இதை ஒரு மாலையில் செய்துவிடுவார்கள்.

பகடை விஷயத்தில் மட்டும் ஒரு சிறு கணக்கு; கணிதத்துறை நண்பர்கள் திருத்தட்டும். ஆறுபக்கப் பகடை ஒன்றை உருட்டினால் ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் சம வாய்ப்பு. ஒரே உருட்டில் கோட்டை விழுந்தாலும் விழும். நம் தாயக்கட்டைகளில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகங்கள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் பதினாறு வகை விழலாம். அவற்றுள் கூட்டுத்தொகை மூன்று வருவது நான்கு வகை. ஆறு வருவது ஒரே வகை. இரண்டும் பூஜ்யமாகி நாம் பன்னிரண்டு என்று கொள்வதும் ஒரே வகை. அதாவது பெரும்பாலும் நடுத்தரமே விழும், அதிசயம் அபூர்வமாகவே விழும். போர்க்களமும் அப்படித்தானே? எனவே இறக்குமதிப் பகடையைவிட நம் பித்தளைத் தாயக்கட்டையே இவ்விளையாட்டுக்கு ஏற்றது என்பேன்.

இனி வெற்றி யாருக்கு? மார்ச் 31இல் ஆட்டம் தொடங்குகிறது. ஒரு சுற்று ஒரு வாரம் என்றால் எட்டுச் சுற்றில் மே 24 வந்துவிடும். எட்டாம் சுற்றின் முடிவில் கோட்டை நின்றால் உள்ளிருப்பவருக்கு வெற்றி. அதற்குமுன் விழுந்தால் வெளியே இருப்பவருக்கு வெற்றி. அணிகளுக்குக் "கட்டபொம்மன் அணி", "வெள்ளையர் அணி" என்று பெயரிட வேண்டாம். தமிழ்த்துறை ஐயா அவர்கள் வகுப்பில் நடத்திய புறப்பொருள் வெண்பாமாலை கைகொடுக்கிறது. மதிலை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி. உழிஞை அணி, நொச்சி அணி. பூவின் பெயரில் போர் நடப்பது நம் மரபுதானே.

இப்போது அந்த இடமாற்றத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் அணியும் ஒருமுறை கோட்டைக்குள்ளும் ஒருமுறை வெளியிலும் ஆடியே தீரவேண்டும். யார் எந்த அணி என்பதைத் துறை பார்த்தோ, ஊர் பார்த்தோ, விடுதி அறை பார்த்தோ முடிவு செய்யக்கூடாது. சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்யவேண்டும். நான் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்தில் மாவீரர்களின் பெயர் பெருமைக்குரியது மட்டுமன்று, ஆபத்தானதும்கூட. 1986இல் பிறந்தபோது இது சிதம்பரனார் மாவட்டம். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. கட்டபொம்மனுக்காக உயிர் கொடுத்த ஒருவரின் பெயரைப் பேருந்தில் எழுதுவதா வேண்டாமா என்பதற்காக, அவர் பிறந்த மண்ணின் மக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். நமக்கெல்லாம் அது செவிவழிச் செய்தி. ஆனால் அந்தப் பகை போய்விட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் இக்கல்லூரியில் எத்தனை பேர்? மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து வகுப்பில் இடம் பிடிக்கும் பழக்கத்தை நாம் பள்ளியிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள்.

மேசைமேல் அந்தக் கணக்கு செல்லாது. கும்பினிப் படையின் குன்றிமணிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள். எட்டயபுரத்துப் படையும் வெளியேதான் நிற்கிறது. உள்ளேயும் தமிழன், வெளியேயும் தமிழன். "எங்கள் ஆள்" என்று ஒருவரைத் தூக்கிப் பிடிப்பவன், மறு ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவரை எப்படி வெல்வது என்று யோசிக்க நேர்ந்தால் என்ன ஆகும்? முதலில் கோபம் வரும். பிறகு, எதிர்ப்பக்கத்தில் இருந்தவனும் மூளையும் பயமும் உள்ள மனிதன்தான் என்று தெரியவரும். நம் வீரர்களின் பெருமையும் குறையாது. முழு பலத்தோடு முட்டியும் எட்டுச் சுற்றில் அந்த மண் சுவரை உடைக்க முடியாமல் திணறிய பிறகே, அதைக் காத்தவர்களின் அருமை தெரியும். திரைப்பட வசனத்துக்குக் கைதட்டி அதை அறிய முடியாது.

மறுப்பு ஒன்றை மட்டும் நான் எளிதாகத் தள்ள மாட்டேன். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் 2009 மே வரை உண்மையான போர் நடந்தது. அதில் உறவை இழந்தவர்கள் நம்மிடையே முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்கள் கண்முன் போரை ஆட்டமாக்குவது இரக்கமற்ற செயல் ஆகாதா? ஆகும், அந்தப் போரை ஆடினால். எனவே இன்னும் அழுகை ஓயாத எந்தப் போரையும் மேசைக்குக் கொண்டுவரக்கூடாது என்பதை முதல் விதியாக எழுதிவிடலாம். இருநூறாண்டு பழைய போரிலும் ஆட்ட முடிவில் ஒரு சடங்கு வேண்டும்: இருபக்கத்திலும் விழுந்த விதைகளை எண்ணி இருபதால் பெருக்கி, அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதவேண்டும். வென்றவர்தான் எழுதவேண்டும்.

இரத்தமே வேண்டாம் என்பவர்களுக்கும் நம் துறைமுகத்தில் ஒரு போர் இருக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் காலியா, லாவோ என்ற கப்பல்களை ஓட்டினார். எதிரியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசம் என்றது, குடையும் கொடுத்தது. குண்டு வெடிக்காத அந்தப் போரை வணிகவியல் மாணவர்கள் ஏற்று நடத்தலாம். கொழும்புக் கட்டணத்தை எவ்வளவு காலம் எவ்வளவு குறைத்தால் எந்தக் கம்பெனி திவாலாகும் என்று அவர்கள் கணக்குப் போடட்டும். 1908 மார்ச் 12 என்ற கைதுச் சீட்டு எதிரியின் கையில் இருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

தேவை அதிகமில்லை. நூலகத்தில் ஒரு மேசை, சனிக்கிழமை பிற்பகல், நான்கு பேர் கொண்ட ஆறு அணிகள், நடுவராக வரலாற்றுத்துறையில் ஒருவர். முடிந்தால் ஒருநாள் முன்னதாகப் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு பேருந்துப் பயணம். 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அருகில் மண்டிக்கிடக்கும் ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைகளையும் பார்த்துவரலாம். பரிசுக்கோப்பை வேண்டாம், தோற்ற அணிக்கு வென்ற அணி மக்ரூன் வாங்கித் தந்தால் போதும். முதல் ஆட்டத்தில் உழிஞைப் பக்கம் உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன். நொச்சிப் பக்கத்துக்கு யார் வருகிறீர்கள்?