பனிக்காலத்துக்குக் கால் மணி நேர மருந்து

‘பனி’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். ஐரோப்பாவில் கூரையையே மூடுகிறதும் பனி. ஆரணியில் மார்கழி விடியலில் தறிவீட்டு ஓட்டிலிருந்து சொட்டுகிறதும் பனி. அங்கே பனி கொட்டினால் ஜனங்கள் வீட்டுக்குள் ரொட்டி சுடுவார்கள், கம்பளி பின்னுவார்கள், ஜன்னலுக்கு வெளியே பறவைக்குத் தீனி வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். ‘அவங்களுக்கென்ன, வேலை வெட்டி இல்லை’ என்று சிலர் சிரிக்கலாம். அந்த மூன்றும் நல்ல வைத்தியம், நம் ஊருக்கும் வேண்டிய வைத்தியம் என்பது என் கட்சி.

மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. இந்த நாலு மாதமும் சளி, இருமல், மூட்டுப் பிடிப்பு என்று வருகிறவர்கள் அதிகம். பட்டுத் தறிக்காரர் என்றால் கூடவே இடுப்பு வலி, கழுத்து வலி, கண் எரிச்சல். காலைக் குழிக்குள் விட்டு, குனிந்த தலை நிமிராமல், முழ தூரத்தில் இருக்கும் மெல்லிய இழையையே நாளெல்லாம் பார்த்தால் உடம்பு என்னதான் செய்யும்?

‘கொஞ்சம் எழுந்து நடங்க’ என்றால், “வைத்தியரய்யா, தறியை விட்டு எழுந்தா கூலி போச்சு. நல்ல லேகியமா குடுங்க” என்பார்கள். நியாயம்தான். நெய்தால்தான் காசு. லேகியமும் தருகிறேன். ஆனால் நிமிராத முதுகை லேகியம் நிமிர்த்தாது. நான் கேட்பது கூலி இல்லாத ஒரு கால் மணி நேரம்.

முதலில் கண்ணுக்கு. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணின் உள்தசை இறுகுகிறது. தூரத்தில் பார்த்தால் தளர்கிறது. இதற்குப் பறவையை விட நல்ல சாக்கு ஏது? தமிழ்நாட்டில் 2015-லிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம், நம் மொட்டைமாடியில் நின்றே பார்த்துக் குறித்து, இ-பேர்டு என்ற இணையதளத்தில் பதியலாம். பொங்கலுக்கு எப்படியும் தறி ஓடாது, அன்றைக்கே ஆரம்பியுங்கள். மைனா, தேன்சிட்டு, இரட்டைவால் குருவி நம் தெருவிலேயே உண்டு. வடக்கேயிருந்து குளிருக்கு வரும் வாலாட்டிக் குருவியையும், மின்கம்பியில் உட்காரும் தகைவிலானையும் கமண்டல நாகநதிப் பக்கம் தேடிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. வீசிங் உள்ளவர்கள் மட்டும் வெயில் ஏறி, பனி விலகிய பிறகு போங்கள். பறவைக்குத் தண்ணீர் வைத்தால் தினமும் கொட்டி, தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டிய மாதிரி.

அடுத்து வயிற்றுக்கு. குளிரில் வாய் எதையாவது கேட்கும். கடைப் பொட்டலத்துக்குப் பதில் வீட்டிலேயே கேழ்வரகு பிஸ்கட் சுடலாம். வறுத்த கேழ்வரகு மாவும் கோதுமை மாவும் அரை அரை கப், நாட்டுச் சர்க்கரை அரை கப், சிட்டிகை சுக்கு, ஏலம். உருக்கிய நெய் அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக விட்டுப் பிசைந்து தட்டுங்கள். அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மூடிச் சூடாக்கி, உள்ளே ஒரு வளையம் வைத்து அதன்மேல் தட்டை வையுங்கள். சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். குக்கரில் செய்தால் கேஸ்கட்டும் வெயிட்டும் கூடாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர்களுக்கு இது வேண்டாம். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை ஒன்று போதும், அதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மனசுக்கு. ‘கைவேலையா? நாளெல்லாம் அதுதானே எங்க பொழப்பு’ என்று கேட்பீர்கள். ஆனால் தறியில் ஓடுகிற கைக்கு அளவு உண்டு, கெடு உண்டு, இழை அறுந்துவிடுமோ என்ற பயம் உண்டு. கழித்துப் போடும் பட்டு நூலில் பேத்திக்கு ஒரு பொம்மை செய்யுங்கள். கோணலாக வந்தாலும் கேட்க ஆள் இல்லை. அதே கைதான், ஆனால் மனசு இறுகாது. பிள்ளையும் அந்த நேரம் செல்போனைக் கீழே வைக்கும்.

வலி பத்து நாளைக்கு மேல் நீடித்தாலோ, கால் மரத்தாலோ, பார்வை மங்கினாலோ பொம்மை செய்துகொண்டு உட்காராதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கு நான் எழுதும் சீட்டு இதுதான்: தினம் கால் மணி நேரம், காசு வராத ஒரு வேலை. அந்த நேரம் வீண் இல்லை. அது உங்கள் கண்ணுக்கும் முதுகுக்கும் நீங்கள் கொடுக்கிற கூலி.