‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்ற பிறகு...

“இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பார்த்துக்குங்க.”

புற்றுநோய் முற்றிய பிறகு பல குடும்பங்கள் கேட்கிற வார்த்தை இது. நல்லா பார்த்துக்கொள்வது என்றால் எப்படி? ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் துடித்தால் யாரைக் கூப்பிடுவது? அதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அந்தக் குடும்பம் அடுத்து வந்து நிற்பது பெரும்பாலும் எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களின் வாசலில்தான். அதனால்தான் நான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். எலும்புக்குப் பரவி, நான்கு மாதமாகப் படுக்கை. ஞாயிறுதோறும் போவேன். நாடி பார்ப்பேன், சூரணம் கொடுப்பேன், “தைரியமா இருங்க மதினி” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன். ஒரு ஞாயிறு உள்ளே நுழைந்ததுமே காஸ் வாடை! பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடக்கிறது. மதினி சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறார்கள். அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து எழுப்பினேன்.

“தம்பி, வாறீங்க, அவுகளப் பாக்கீங்க, போறீங்க. என்னைய யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

எனக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வெட்கத்தை விட்டு, ஒரு அலோபதி நண்பரிடம் கேட்டேன். அவர் மூலமாக நோய் ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) நர்ஸ் வீட்டுக்கு வந்தார். வந்தவர் அண்ணனைப் பார்ப்பதற்கு முன் மதினியிடம்தான் உட்கார்ந்தார். “அம்மா, நீங்க எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. முப்பது வருஷம் வைத்தியம் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்!

இரண்டு மணிக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண் வரும் முன்பே தோல் சிவப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, உலர்ந்த வாயை எப்படி ஈரத்துணியால் துடைப்பது என்று செய்து காட்டினார். கடைசிக் காலத்தில் பசி தானாகவே குறையும், வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி மூச்சுக் குழாய்க்குள் போய்விடும் என்றும் சொன்னார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, “ஒழுங்கா சோறு குடுக்கலியா, எலும்பும் தோலுமா இருக்காரே?” என்று கேட்கும் உறவினர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். “போதை பழகிடுமே” என்று வீடே பயந்தது. மார்ஃபின் அபினியிலிருந்து வருவது. அபினியின் குணம் எங்கள் வைத்தியத்துக்கும் புதிதல்ல. டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். சாதாரண மாத்திரை என்றால் நான்கு மணிக்கு ஒருமுறை, வலி வரும் வரை காத்திராமல் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கும் கூடவே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு இந்த மருந்தை வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகள் பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி அதை எளிதாக்கினார்கள். ஆனால் நம் மனசில் இருக்கும் பயத்தை எந்தச் சட்டமும் திருத்தாது போலிருக்கிறது.

கேரளாவைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-ல் சிலர் சேர்ந்து ஆரம்பித்த வேலை, 2008-ல் அரசின் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்து மூலமாக நர்ஸ் வீடு தேடிப் போகிறார். நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையைச் சேர்த்தார்கள். ஆனால் நடுத்தரக் குடும்பத்தார் “அது ஏழைகளுக்கு” என்று கேட்கவே போவதில்லை. கௌரவம் பார்க்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாவட்ட அரசு மருத்துவமனையிலோ போய், “வீட்டுக்கு வந்து பார்ப்பீங்களா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். சிகிச்சை நடக்கும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சொல்ல சங்கடமாக இருந்தாலும் எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீரும் நோய், தீராத நோய் என்று பிரித்துப் பார்க்கத்தான் கல்லூரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படியிருக்க, முற்றிய நிலையில் “நாற்பத்தெட்டு நாளில் எழுந்து நடப்பார்” என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குபவரிடம் போகாதீர்கள். அவர் என் பேட்ச்மேட்டாகவே இருந்தாலும் சரி! பற்பம், செந்தூரம் எது கொடுத்தாலும் அலோபதி டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நர்ஸ் வந்த மறுவாரத்திலிருந்து எங்கள் வீட்டில் முறை போட்டோம். செவ்வாய் மதியம் என் மனைவி, ஞாயிறு முழுக்க நான், வெள்ளி ராத்திரி அண்ணன் மகன். நானே புரட்டினேன், துடைத்தேன், பெட்பேன் வைத்தேன். முதல் ஞாயிறு மதினி பதினோரு மணிக்குப் படுத்தவர்கள் நாலரைக்குத்தான் எழுந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்து மெதுவாக, “அவளை எழுப்பாதடா” என்றார்.