ஏற்றமும் குடமும்

சீன நாட்டில் தாவோ நெறியைக் கதைகளால் விளக்கியவர், கி.மு. நான்காம் நூற்றாண்டினரான சுவாங் சூ. அவர் பெயரால் வழங்கும் நூலில் 33 இயல்கள் உள்ளன. அவற்றுள் 12ஆம் இயலில் வரும் கதையொன்றை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

கன்பூசியஸின் மாணாக்கராகிய சூகுங், வழிச்செல்கையில் முதியவர் ஒருவரைக் கண்டார். அம்முதியவர் கிணற்றுக்குள் இறங்கச் சுரங்கம் வெட்டியிருந்தார். குடத்தில் நீர் முகந்து, அதனை அணைத்தபடி மேலேறி வந்து, பாத்திக்கு ஊற்றினார். உழைப்போ மிகுதி, பயனோ சிறிது. இரக்கம் கொண்ட சூகுங், பின்புறம் கனத்தும் முன்புறம் இலேசாகவும் மரத்தால் அமைந்த ஏற்றத்தைப் பற்றிக் கூறினார். ஒரே நாளில் நூறு பாத்திகளை அது நனைக்கும் என்றார். முதியவர் முகம் சினத்தால் மாறியது, பின்பு நகைத்தார். பொறியைக் கையாள்வோனுக்கு நெஞ்சமும் பொறியாகிவிடும் என்றும், ஏற்றத்தைத் தாம் அறிந்திருந்தும் நாணியே விலக்கியதாகவும் விடையிறுத்தார்.

முதியவர் கூற்றை முழுதும் ஏற்க என் மனம் ஒருப்படவில்லை. நூறு பாத்திகள் நனைந்தால் நூறு பாத்திகளிலும் பயிர் விளையும். பசித்தவன்முன் நின்று கருவியைப் பழித்தல் முறையன்று. மேலும், அவர் அணைத்திருந்த குடமும் ஒரு கருவிதானே!

ஆயினும் அவரை எள்ளி ஒதுக்கவும் இயலவில்லை. அவர் அஞ்சியது மரத்தையன்று. எதனையும் விரைவு ஒன்றாலேயே அளக்கும் நெஞ்சத்தை. கணக்கைப் பொறியிடம் ஒப்படைத்து விடையை மட்டும் எழுதிக்கொள்ளும் மாணவனை எண்ணிப் பாருங்கள். அவன் காலத்தை மிச்சப்படுத்துகிறான். வழி கண்டு மகிழும் மகிழ்ச்சியை இழக்கிறான். இழந்ததை அவன் அறிவதுமில்லை. இதுவே பெருங்கேடு என்பேன். வழி அறிந்தவன் கையிலோ, அதே பொறி நல்ல துணையாகிறது. அணுவியல் அறிஞர் ஐசன்பர்க், 1955இல் வெளிவந்த தம் நூலில் இக்கதையை எடுத்தாண்டார். அவர் அறிவியலை வெறுத்தவர் அல்லர்.

கதை கிணற்றங்கரையில் முடியவில்லை. வெட்கிய சூகுங், முப்பது லீ தொலைவு நடந்த பின்னரே தன்னிலை அடைந்தார். திரும்பிவந்து ஆசிரியரிடம் நிகழ்ந்ததைச் சொன்னார். அம்முதியவர் ஒன்றை அறிந்து இரண்டை அறியாதவர், அகத்தைப் பேணிப் புறத்தை விட்டவர் என்றார் கன்பூசியஸ். அத்துடன் அவர் அமையவில்லை. அத்தகையோர் நெறியை அறிந்துகொள்ள நீயும் நானும் எம்மாத்திரம் என்றும் மாணாக்கரைக் கேட்டார்.