6-0ன்னு சொல்லி வாதத்தை முடிக்காதீங்க

1/
காலையில கேன்டீனுக்கு டீ குடிக்கப் போனேன். நைட் டியூட்டி முடிச்ச ரெண்டு ஹவுஸ் சர்ஜன்கள், போன்ல என்.பி.ஏ. மேட்ச் ஓடுது, வாய்ல சண்டை ஓடுது. (அமெரிக்காவுல ராத்திரி ஆட்டம், நமக்கு விடியற்காலை.)

ஜோர்டனா? லெப்ரானா?

"ஃபைனல்ஸ்ல ஜோர்டன் 6-0. லெப்ரான் 4-6. பேச்சு முடிஞ்சுது!"ன்னான் ஒருத்தன். மத்தவன் கப்சிப்.

எனக்கு மனசு கேக்கல. அதான் இந்த நீண்ட பதிவு.

2/
முதல்லயே சொல்லிடறேன். நானும் ஜோர்டன் கட்சிதான். ஆனா 6-0 தப்பான வாதம். ஏன்னு பார்ப்போம்.

3/
ஜோர்டன் ஆடினது 15 சீசன். ஆறு முறை ஃபைனல்ஸ், ஆறிலும் வெற்றி. சரி, மீதி 9 சீசன்?

1985, 1986, 1987 மூணு வருஷமும் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியே. அந்தத் தோல்வி எதுவும் 6-0க்குள்ள வராது.

லெப்ரான் 10 முறை ஃபைனல்ஸ் போனார். 4 வெற்றி, 6 தோல்வி. அந்த ஆறு வருஷமும் அவர் முதல் சுற்றிலேயே தோத்திருந்தா இன்னிக்கு அவர் கணக்கு 4-0!

அதாவது, சீக்கிரம் தோத்திருந்தா ரெக்கார்டு சுத்தமா இருந்திருக்கும். இப்படி ஒரு அளவுகோலை வெச்சு யாரை அளக்கப் போறீங்க?

4/
எங்க தொழில்லயும் இது உண்டு. ரொம்ப மோசமான நிலையில இருக்கிற நோயாளியை கடைசி நேரத்துல ஆம்புலன்ஸ்ல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா, அனுப்பின இடத்துல மரணம் பூஜ்யம். வாங்கின இடத்துல எண்ணிக்கை ஏறும்.

யாரை எண்ணினோம் என்பது மட்டும் போதாது. யாரை எண்ணாம விட்டோம் என்பதையும் கேட்கணும்.

5/
அடுத்து, பழைய சாதனைகள்.

1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லின் எடுத்த சராசரி: ஆட்டத்துக்கு 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. "இப்ப இருக்கறவங்களால முடியுமா?"ன்னு கேட்பாங்க.

அதே சீசனில்தான் ஆஸ்கர் ராபர்ட்சனும் 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். ஒரே வருஷத்துல இத்தனை அதிசயம்னா கொஞ்சம் நின்னு யோசிக்கணும் இல்லையா?

6/
அந்த சீசன்ல ஒரு அணி ஒரு ஆட்டத்துக்கு எடுத்த ரீபவுண்ட் சராசரியா 71. இந்தக் காலத்துல 44 பக்கம்.

காரணம்: அப்போ வேகமா ஓடி, வேகமா எறிவாங்க. பாதிக்கு மேல குறி தவறும். தவறின பந்தெல்லாம் யாரோ ஒருத்தர் கணக்குல ரீபவுண்டா சேரும்.

வில்ட் சாதாரண ஆள்னு நான் சொல்லல. கைக்குழந்தைக்கு நாடித்துடிப்பு 120 இருந்தா நாங்க பதற மாட்டோம். ஓய்வா படுத்திருக்கிற 50 வயசுக்காரருக்கு 120 இருந்தா ஓடுவோம். எண் ஒண்ணுதான், நார்மல் வேற.

அந்த வருஷம் எம்.வி.பி. விருது யாருக்கு? போஸ்டன் அணியின் பில் ரஸ்ஸலுக்கு. கோப்பையும் போஸ்டனுக்குத்தான்.

7/
மூணாவது, சின்ன சாம்பிள்.

2015-16ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் லீக் சுற்றில் 73 வெற்றி, 9 தோல்வி. ஃபைனல்ஸில் 3-1 முன்னிலை. கடைசியில் லெப்ரானின் கிளீவ்லேண்ட் 4-3ன்னு ஜெயிச்சது.

ஏழு ஆட்டத்தின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்க. கிளீவ்லேண்ட் 703, வாரியர்ஸ் 699. வித்தியாசம் வெறும் 4!

ஏழாவது ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் கூட இல்லாதப்ப, மொத்தக் கணக்கு 699-699. அப்போ கைரி எர்விங் எறிஞ்ச மூணு பாயிண்ட் ஷாட் உள்ளே போச்சு. போகாம இருந்திருந்தா லெப்ரான் கணக்கு 3-7ஆ கூட ஆகியிருக்கும். இன்னொருத்தர் கையிலிருந்து போன ஒரு பந்து அது.

8/
"அப்ப நம்பரே வேணாம், கண்ணால பார்த்தா போதும்ங்கறீங்களா டாக்டர்?"

இல்லவே இல்லை. கண்ணும் ஏமாத்தும்.

100 ரெண்டு பாயிண்ட் ஷாட்ல 40 உள்ளே போனா 80 புள்ளி. 100 மூணு பாயிண்ட் ஷாட்ல 35 தான் போகுது, ஆனா 105 புள்ளி. என்.பி.ஏ.வில் மூணு பாயிண்ட் கோடு வந்தது 1979-80ல். இந்த ஸ்கூல் கணக்கை அணிகள் முழுசா நம்ப பல வருஷம் ஆச்சு.

9/
ஷேன் பேட்டியர்னு ஒரு வீரர். ஹூஸ்டனில் ஆடினப்ப, 2008-09ல் அவர் சராசரி 7.3 புள்ளி. பேப்பர்ல பார்த்தா யாருக்கும் பேர் கூட ஞாபகம் இருக்காது.

ஆனா எதிரணியின் பெரிய ஸ்கோரரைத் தடுக்கிற வேலை அவருக்குத்தான் வரும். அவர் களத்துல இருந்தா எதிரணி நட்சத்திரம் கஷ்டமான இடத்திலிருந்து எறிய வேண்டி வரும். மைக்கேல் லூயிஸ் 2009ல் நியூயார்க் டைம்ஸ் மேகசினில் இவரைப் பத்தி பெரிய கட்டுரையே எழுதினார். கஷ்டமான கேஸ் எல்லாம் வாங்கிக்கிறவருக்கு சொந்த நம்பர் அழகா இருக்காது.

10/
இதை எழுதும்போது உறுத்துது. நானும் இதே தப்பைச் செஞ்சிருக்கேன்.

பல வருஷம் முன்னாடி ஒரு மீட்டிங். ரெண்டு யூனிட்டோட இறப்பு எண்ணிக்கையை பக்கத்துல பக்கத்துல போட்டு, "அந்த யூனிட் கவனிப்பு சரியில்லை"ன்னு சபையில சொன்னேன். எங்க சீஃப் ஒரே கேள்விதான் கேட்டார்: "அங்க யாருப்பா அட்மிட் ஆகுறாங்க?"

வெளியூர்லேருந்து கடைசி கட்டத்துல வர்ற கேஸ் எல்லாம் அந்த யூனிட்டுக்குத்தான். அங்கே ஒரு பி.ஜி. மாணவன் மாசக்கணக்கா சரியா தூங்காம ஓடிக்கிட்டு இருந்தான். எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

அன்னிக்கு சாயங்காலம் போய் மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணே"ன்னான். அவன் திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

11/
அதனால, அடுத்த முறை யாராவது ஒரு நம்பரைத் தூக்கி மேசை மேல போட்டா மூணு கேள்வி கேளுங்க.

✅ இதுல யாரை எண்ணாம விட்டாங்க?
✅ அந்தக் காலத்துல, அந்த வேலைக்கு நார்மல் எவ்வளவு?
✅ எத்தனை ஆட்டத்தை வெச்சு இதைச் சொல்றாங்க?

மூணுக்கும் பதில் வந்தா அந்த நம்பரை மதியுங்க. வரலைன்னா அது வெறும் சத்தம்.

12/
கேன்டீன் பசங்ககிட்ட இதெல்லாம் சொன்னேன். 6-0 சொன்ன தம்பி கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம், "சரி சார். ஆனாலும் ஜோர்டன்தான்"ன்னான்.

எனக்கும் அப்படித்தான். ஆனா இனிமே காரணத்தைச் சொல்லணும்டா தம்பி. ஸ்கோரை மட்டும் சொல்லிட்டு எழுந்து போகக் கூடாது.