ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

விடிந்தும் விடியாத நேரம். கம்பத்திலும் கூடலூரிலும் தெருமுனைகளில் ஜீப்புகள் ஹாரன் அடிக்கின்றன. கையில் தூக்குச்சட்டியுடன் பெண்கள் ஓடி வந்து ஏறுகிறார்கள். குமுளி மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

ஏப்ரல், மே வந்துவிட்டால் அந்த ஜீப்பில் ஒரே பேச்சுத்தான்.

"உம் மகள ஆறாப்புக்கு எங்கக்கா சேக்கப் போற?"

"வாசலுக்கே வேன் வருதுல்ல, அந்தப் பள்ளிக்கூடத்துலதான். டையெல்லாம் கட்டி விடுறாங்க. நம்ம புள்ளயும் நாலு வார்த்த இங்கிலீசு பேசட்டுமே!"

அவ்வளவுதான். ஜீப் லோயர் கேம்ப் தாண்டுவதற்குள் ஒரு பெண்ணின் ஏழு வருஷப் படிப்பு முடிவாகிவிட்டது!

அந்தத் தாயின் ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. மலையில் வெயிலிலும் மழையிலும் நின்று காய் எடுப்பவர், தன் மகளாவது நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று நினைக்கிறார். நியாயமான ஆசை. ஆனால், அந்த ஆசைக்கே குறுக்கே நிற்கக்கூடிய முடிவை அவர் எடுத்திருக்கலாம். அதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

சந்தையில் ஆடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். மாடு வாங்கினால் சுழி பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் பார்ப்பதற்கு மட்டும் வேனின் நிறம் போதுமா?

ஆறு முதல் பன்னிரண்டு

அஞ்சாம் வகுப்பு வரை பிள்ளை எங்கே படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பு அப்படி அல்ல. தமிழ்நாட்டில் இன்று பல சலுகைகளுக்குக் கணக்கு தொடங்குவதே ஆறாம் வகுப்பில்தான்.

முதலாவது, மருத்துவப் படிப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி வரிசை. ஆனால் நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. பொறியியலில் இப்படிச் சேரும் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று அந்த ஆண்டே அறிவிக்கப்பட்டது.

க.விலக்கில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போடியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போகும் கட்டடங்கள் அல்ல அவை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டு.

"அரசுப் பள்ளியில படிச்சா டாக்டராக முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ம் ஆண்டு நீட் தேர்வில் 720-க்கு 664 மதிப்பெண் எடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த அரசுப் பள்ளி மாணவர் எந்த ஊர்? வேறெங்கும் இல்லை. இதே தேனி மாவட்டம், பெரியகுளம் பக்கம் சில்வார்பட்டி. எளிய வீட்டுப் பிள்ளைதான்.

'உதவி பெறும்' என்றால் அரசுப் பள்ளியா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் புத்தகம் இலவசம். மதிய உணவு உண்டு. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. "அப்புறம் என்ன, கவர்மெண்டு பள்ளிக்கூடந்தானே?" என்று நினைத்துச் சேர்த்து விடுகிறார்கள்.

இல்லை! 7.5 சதவீதக் கணக்கில் உதவி பெறும் பள்ளி சேராது.

சேருவது எவை? அரசுப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி. இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் பார்க்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடக்கம்.

உதவி பெறும் பள்ளிகளில் நல்ல பள்ளிகள் நிறைய உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பேர் வாங்கியவை உண்டு. அங்கே சேர்ப்பது தவறல்ல. தெரியாமல் சேர்ப்பதுதான் தவறு.

ஒரே பள்ளி, இரண்டு வழி

அடுத்த கேள்வி, தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பது.

பத்தாண்டுக்கு மேலாகவே அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. அதில் படித்தாலும் 7.5 சதவீதம் போகாது. ஆகவே, இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவர் வட்டிக்குக் கடன் வாங்கி வேன் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் வேறொரு கதவு உண்டு. அரசு வேலைக்கு நேரடியாக ஆள் எடுக்கும்போது, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். கடைசிப் பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

அதாவது, அஞ்சு வருஷம் தமிழ் வழியில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றினால், அந்த 20 சதவீதக் கதவு அன்றைக்கே சாத்தப்படுகிறது. பிறகு தட்டினாலும் திறக்காது. வி.ஏ.ஓ. ஆக வேண்டும், குரூப் தேர்வு எழுத வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டே இந்தக் கதவைச் சாத்தும் பெற்றோர் எத்தனை பேர்!

முதல் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு இந்தக் கவலை கிடையாது. அந்தக் கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு வேறு கணக்கு.

பாதியில் திரும்பினால்?

பள்ளத்தாக்கில் அடிக்கடி நடப்பது இதுதான். ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளி. இரண்டு வருஷம் எப்படியோ ஓடும். ஒரு வருஷம் ஏலக்காய் விலை விழும். இல்லை, திராட்சையில் நோய் விழும். பணம் கட்ட முடியாது. "சரி, ஒம்பதாப்புக்கு கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்கே போயிரு ஆத்தா" என்பார் அப்பா.

பிள்ளை திரும்பி வந்துவிடும். இழந்த சலுகை திரும்பி வருமா? வராது. இரண்டு வருஷக் கட்டணமும் போனது, ஏழு வருஷக் கணக்கும் உடைந்தது!

ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளை, எட்டாம் வகுப்பு வரை அங்கே படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதம் கிடைக்கும். ஆகவே, அப்படிச் சேர்த்தவர்களுக்கு முடிவெடுக்கும் நேரம் ஆறாம் வகுப்பு அல்ல, எட்டாம் வகுப்பு. எட்டு முடிந்ததும் அதே பள்ளியில் பணம் கட்டித் தொடர்வதா, அரசுப் பள்ளிக்கு வருவதா? அன்றைக்கு யோசிக்க வேண்டும்.

மலையில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. வண்டிப்பெரியாறு பக்கம் கேரளத்துப் பள்ளியில் இரண்டு வருஷம் படிக்க வைத்துவிட்டு அப்புறம் கம்பத்தில் சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேயும் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. நல்ல பள்ளிகளும் உண்டு. ஆனால் இந்தச் சட்டம் பேசுவது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை! பாட்டி வீட்டில் விட்டாவது கீழே படிக்க வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

84 ஆயிரம் ரூபாய்!

எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை நடக்கிறது. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித் தொகைத் தேர்வு. பெயர்தான் நீளம். வாத்தியார்கள் 'என்.எம்.எம்.எஸ்.' என்பார்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12 ஆயிரம் ரூபாய். நாலு வருஷத்துக்கு 48 ஆயிரம். கட்டணப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இதை எழுதவே முடியாது.

பிறகு கல்லூரி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் இவற்றில் சேர்த்தார்கள். மூன்று வருஷப் பட்டப் படிப்புக்கு 36 ஆயிரம் ரூபாய்.

48-ம் 36-ம் 84 ஆயிரம்! ஜீப்பில் முடிவெடுத்த அந்தத் தாய்க்கு இந்தக் கணக்கை யார் சொன்னார்கள்?

பிள்ளையைக் கேட்டீர்களா?

சலுகை ஒரு பக்கம். பிள்ளையின் தரம் இன்னொரு பக்கம். அதுதான் முக்கியம்.

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் ஃபெயில் கிடையாது. அதனால் ரேங்க் கார்டைப் பார்த்துப் பிள்ளையின் நிலை தெரியாது. வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இந்தப் பத்திரிகையைப் பிள்ளையின் கையில் கொடுத்து ஒரு செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரு கணக்கு. "முந்நூத்தி அறுபது ரூபாய ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு எவ்வளவு?"

இதில் தடுமாறும் பிள்ளையை ஆறாம் வகுப்பில் திடீரென்று ஆங்கில வழியில் போட்டால் என்ன ஆகும்? தமிழிலேயே புரியாத அறிவியல் இங்கிலீஷில் புரியுமா? மனப்பாடம் செய்யும். ஒன்பதாம் வகுப்பில் தடுக்கி விழும். "எம்புள்ளைக்குப் படிப்பு ஏறல" என்று பழியைப் பிள்ளை மேல் போடுவார்கள்.

பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தர, 2025-ல் 'திறன்' என்ற திட்டம் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்டது. அதில் தன் பிள்ளை பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. "எம்மகன மக்குன்னு ஒதுக்கிட்டாங்க!" கோபம் வேண்டாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் அவமானமா? அடுத்த மாதம் போய், "சார், இப்ப எப்படிப் படிக்கிறான்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி என்பது மேலே ஏற்றத்தான், முத்திரை குத்த அல்ல.

தனியார் பள்ளி கூடாதா?

அப்படி யாரும் சொல்லவில்லை. வசதி உள்ளவர்கள், பிள்ளைக்கு அங்கே பிடித்திருக்கிறது என்பவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பன்னிரண்டு வரை தாங்குமா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒரு வருஷக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள். ஏழு வருஷக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். அரசுப் பள்ளியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அறிவியலுக்கும் கணக்குக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, பெண்களுக்குக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நேரில் போய்ப் பாருங்கள்.

சொல்ல வேண்டியவர் யார்?

இவ்வளவு சட்டம், இவ்வளவு திட்டம். ஆனால் பலருக்கு இவை தெரிய வருவது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, கல்லூரி விண்ணப்பம் நிரப்பும்போதுதான்! "ஆறு முதல் எங்கே படித்தாய்?" என்ற கட்டத்தைப் பார்த்துத்தான் திடுக்கிடுகிறார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கூட்டமும் நடக்கிறது. ஆனால் பகலில் நடக்கிறது. பகலில் அந்தத் தாய் மலையில் அல்லவா இருக்கிறார்! ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

ஆகவே, கல்வி அதிகாரிகள் ஒன்று செய்யலாம். பெரிய செலவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நாள், ஜீப்புகள் திரும்பிய பிறகு, மாலை ஏழு மணிக்கு, சாவடியிலோ கோயில் மந்தையிலோ கூட்டம் போடுங்கள். அஞ்சாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் கூப்பிடுங்கள். தலைமை ஆசிரியர் ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். எந்தப் பள்ளிக்கு எந்தச் சலுகை, எந்த வழிக்கு எந்தக் கதவு. திட்டங்கள் வருஷத்துக்கு வருஷம் மாறலாம்; அந்த வருஷத்து நிலவரத்தைச் சொல்லட்டும். "எங்கள் பள்ளிக்கு வாருங்கள்" என்று சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

முடிவைப் பெற்றோரே எடுக்கட்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் தெரிந்து எடுக்கட்டும். பதினோரு வயதுப் பிள்ளையின் தலைவிதியை, மலை ஏறும் ஜீப்பின் இரைச்சலுக்கு நடுவே எழுதி முடித்துவிடக் கூடாது!