நான் வாசித்த புத்தகங்கள்: மறைத்து எழுதாத சாட்சிகள்

அண்மையில் வாசித்த புத்தகங்களைக்குறித்து என் மனதில் பட்டதை வழக்கம்போல் எழுதுகிறேன். இவை என் சொந்தக் கருத்துக்களே. வேத வெளிச்சத்தில் நிதானித்து, ஏற்கத்தக்கதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இம்முறை என்னை வாசிக்கத் தூண்டியது ஒரு சகோதரி கேட்ட கேள்வி. எங்கள் சபைக்கு ஓர் இளம் குடும்பத்தார் வருகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலையின் நிமித்தம் கொல்கத்தாவுக்கு வந்தவர்கள். வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகவேண்டும் என்பது கணவரின் வாஞ்சை. கையில் குழந்தையை வைத்திருக்கும் மனைவிக்கோ உள்ளத்தில் பெரிய பாரம். அவர்களைத் திடப்படுத்த எண்ணி, வில்லியம் கேரி ஐயாவின் சிறிய வாழ்க்கை வரலாறு ஒன்றைக் கொடுத்தேன். “வாசியுங்கள், விசுவாசம் பெருகும்” என்றும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, ஆராதனை முடிந்தபின் அந்தச் சகோதரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். “அங்கிள், கப்பல் ஏறும்போது ஐயாவின் மனைவி கூட இருக்கிறார்கள். அதற்குப்பிறகு அந்த அம்மா எங்கே போனார்கள்?” என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேரி ஐயாவின் சரித்திரத்தைப் பலமுறை வாசித்தவன் நான். ஹௌராவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய செராம்பூரில் அவருடைய கல்லறையைக் கண்டு ஸ்தோத்திரம் செலுத்தியவன். ஆயினும் அந்தக் கேள்வி ஒருமுறையாகிலும் என் உள்ளத்தில் எழுந்ததில்லை. வெட்கத்தோடே தேடத் தொடங்கினேன். அப்படித் தேடியதில் கைக்கு வந்தவையே கீழ்க்காணும் மூன்று புத்தகங்கள். மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

முதலாவது, ஜேம்ஸ் பெக் என்பவர் 1992-ல் வெளியிட்ட “டாரதி கேரி”. ஆசிரியர் மனநல ஆலோசனைத் துறையில் போதித்தவர், விசுவாசி.

டாரதி அம்மையாருக்கு 1781-ல் கேரி ஐயாவோடு திருமணம் நடந்தது. கணவரைவிட வயதில் மூத்தவர். எழுதப் படிக்க அறியாதவர். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குறியிட்டவர். 1793-ல் கணவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது வர மறுத்தார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. கேரி ஐயா மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பயணம் தடைப்பட்டுத் தாமதமானதால் மறுபடியும் வீட்டுக்கு வந்து கேட்டபோது, பிறந்து சில வாரங்களேயான குழந்தையோடு, தன் தங்கையும் உடன்வரவேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் சம்மதித்தார். 1793 நவம்பரில் கொல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

வந்த நாட்களில் கையில் பணமில்லை. நாம் இன்று பேருந்தில் கடந்துபோகும் மாணிக்தலாவில் ஒரு செல்வந்தரின் தோட்டவீட்டில் தங்கினார்கள். பின்பு சுந்தரவனப் பகுதிக்குச் சென்றார்கள். அதன்பின் வடக்கே முட்னாபட்டி என்னும் இடத்தில் அவுரித் தொழிற்சாலையில் கேரி ஐயாவுக்கு வேலை கிடைத்தது. அங்கே 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் மரித்தான். அந்தத் துக்கத்துக்குப் பின் அம்மையாரின் மனம் நிலைதவறியது. கணவர்மேல் ஆதாரமற்ற சந்தேகங்கள் எழுந்தன. ஏறக்குறைய 12 ஆண்டுகள் அந்த நோயோடே வாழ்ந்து, 1807 டிசம்பர் 8 அன்று செராம்பூரில் மரித்தார்.

இந்த 12 ஆண்டுகளுக்குள்தான், 1801-ல், பெங்காலி புதிய ஏற்பாடு வெளிவந்தது. கணவர் ஓர் அறையில் மொழிபெயர்க்க, மனைவி அடுத்த அறையில் அடைக்கப்பட்டவராய்க் கூக்குரலிட்டுக்கொண்டிருந்தார். இதை வாசித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. அம்மையார் தம் கையால் எழுதிவைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே மற்றவர்களின் கடிதங்களைக்கொண்டே ஆசிரியர் அவருடைய உள்ளத்தை ஊகிக்கவேண்டியிருக்கிறது. சில இடங்களில் ஊகம் நீண்டுவிடுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவருக்கு இன்றைய மருத்துவப் பெயரிட்டு நோயைத் தீர்மானிப்பது எளிதல்ல என்பது என் எண்ணம்.

“இப்படிப்பட்ட புத்தகங்கள் ஊழியக்காரரை இழிவுபடுத்தாதா?” என்று ஒரு மூத்த சகோதரர் என்னைக் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏறத்தாழ 40 மொழிகளில் வேதம் முழுமையாகவோ பகுதியாகவோ அச்சாக வழிசெய்த அந்த மனிதரின் உழைப்பு, அவர் வீட்டில் என்ன சுமந்தார் என்று அறிந்தபின் எனக்கு முன்னிலும் பெரிதாகவே தெரிகிறது. அதோடுகூட, அந்த ஊழியத்தின் கிரயத்தில் ஒரு பெரும் பங்கை, அதைத் தெரிந்துகொள்ளாத ஒரு பெண் செலுத்தினார் என்பதும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்து அறிவதே நீதி.

இரண்டாவது, பண்டித ராமாபாய் அம்மையார் 1907-ல் எழுதிய “ஒரு சாட்சி” என்னும் சிறு நூல். ஒரே மாலையில் வாசித்து முடிக்கலாம்.

ராமாபாய் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சமஸ்கிருதம் கற்று, பஞ்சத்தில் பெற்றோரையும் தமக்கையையும் இழந்தவர். அண்ணனோடு தேசமெங்கும் கால்நடையாய் அலைந்து 1878-ல் கொல்கத்தா வந்து சேர்ந்தார். இந்த நகரத்துப் பண்டிதர்களே அவருடைய கல்வியைச் சோதித்து, “பண்டிதா” என்றும் “சரஸ்வதி” என்றும் பட்டம் அளித்தார்கள்.

முதன்முதலாகக் கிறிஸ்தவக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றதும் கொல்கத்தாவில்தான். அங்கே எல்லாரும் நாற்காலிகளுக்கு முன்பாக முழங்காலிட்டுக் கண்களை மூடியதைக் கண்டு, “இவர்கள் நாற்காலியை வணங்குகிறார்கள் போலும்” என்று அண்ணனும் தங்கையும் நினைத்துக்கொண்டார்களாம்! வாசிக்கும்போது சிரிப்பு வரும். நம்முடைய கூட்டங்களுக்கு முதல்முறையாக வரும் அயலாருக்கு நாம் எப்படித் தோன்றுகிறோம் என்று எண்ணினால் சிரிப்பு அடங்கிவிடும்.

அந்தக் கூட்டத்தில் அவருக்குச் சமஸ்கிருத வேதாகமம் ஒன்றைக் கொடுத்தார்கள். சமஸ்கிருதத்தில் கரைகண்டவருக்கே அதன் நடை விளங்கவில்லை. பிற்பாடு ஒரு வங்காள வழக்கறிஞரை மணந்து அஸ்ஸாமில் சில்சாருக்குச் சென்றபின், வீட்டில் இருந்த நூல்களுக்குள்ளே லூக்கா சுவிசேஷத்தின் சிறு பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். அது பெங்காலியில் இருந்தது. அதை ஆவலோடே வாசித்தார்.

பெங்காலி அவருடைய தாய்மொழி அல்ல என்பதைக் கவனியுங்கள். “பிள்ளைகள் பெங்காலியும் ஆங்கிலமும் வாசிக்கிறார்கள், தமிழ் வேதத்தைத் திறப்பதில்லை” என்று நம்மில் அநேகர் கலங்குகிறோம். தமிழைக் கற்றுக்கொடுப்பது நம் கடமை. அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அதுவரைக்கும், பிள்ளைக்கு விளங்குகிற மொழியில் ஒரு சுவிசேஷப் புத்தகம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். என்றைக்கு எடுத்து வாசிப்பான் என்று நமக்குத் தெரியாது.

இந்நூலில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறொன்று. 1882-ல் கணவர் மரித்தார். 1883-ல் இங்கிலாந்தில் ராமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் அதன்பின் சுமார் எட்டு ஆண்டுகள் கிறிஸ்தவ மார்க்கத்தைப் பெற்றிருந்தும் கிறிஸ்துவைத் தாம் கண்டடையவில்லை என்று அவரே எழுதுகிறார். உலகமெங்கும் பேர்பெற்ற பின்பு, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் அடைக்கலமான ஒரு பெரிய ஊழியத்தை நடத்திக்கொண்டிருக்கையில், இதை அச்சிலேற்ற எவ்வளவு தாழ்மை வேண்டும்! நம் சாட்சிகளில் “அன்றே, அந்த நிமிஷமே” என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாவது, ஆலன் ஆண்டர்சன் 2007-ல் எழுதிய “பரவும் அக்கினிகள்”. ஆதிப் பெந்தெகொஸ்தே மிஷனெரிகளின் சரித்திரம் இது. ஆராய்ச்சி நூலாகையால் மெதுவாகவே வாசிக்கவேண்டும். பெயர்களும் ஆண்டுகளும் மிகுதி. பொறுமையாய் வாசிப்பவருக்குப் பலன் உண்டு.

பெந்தெகொஸ்தே அனுபவம் அமெரிக்காவில் தொடங்கி இங்கே இறக்குமதியானது என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் 1906-ல் எழுப்புதல் தொடங்குமுன்பே, 1905-ல், ராமாபாய் அம்மையாரின் முக்தி இல்லத்துப் பெண்கள்மேல் தேவ ஆவியானவர் பலமாய் அசைவாடினார். அங்கே ஊழியம் செய்த மின்னி ஆப்ராம்ஸ் அதைக்குறித்து 1906-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1907-ல் அதன் பிரதி ஒன்று தென் அமெரிக்காவில் சிலி தேசத்திலிருந்த தோழியின் வீட்டுக்குப் போய்ச்சேர்ந்தது. தோழியின் கணவர் வில்லிஸ் ஹூவர் ஒரு மெதடிஸ்ட் போதகர். அந்த வாசிப்பு அவர்களுக்குள் தாகத்தை உண்டாக்கிற்று. 1909-ல் அந்தத் தேசத்தில் எழுப்புதல் உண்டாயிற்று. “புத்தகம் வாசித்தால் ஆவி அணைந்துபோகும்” என்று சொல்லும் சகோதரருக்கு இதைத் தயவாய்ச் சொல்லுங்கள்.

நம் கொல்கத்தாவும் இந்நூலில் வருகிறது. அசூசா தெருவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார் தம்பதியர் இந்நகரத்துக்கு வந்து 1907-ல் கூட்டங்கள் நடத்தினார்கள். இடம் கொடுத்தது கேரி ஐயாவும் உடன் ஊழியரும் 1809-ல் திறந்த லால்பஜார் ஆலயம். மிஷனெரிகள் பலர் அங்கே அபிஷேகம் பெற்றார்கள்.

ஆனால் கார் ஐயா புறப்படும்போது ஒன்றை உறுதியாய் நம்பியிருந்தார். தாம் பேசிய அந்நியபாஷை இந்திய மொழிகளில் ஒன்று, அதைக்கொண்டே பிரசங்கிக்கலாம் என்பதே அது. வந்தபின் அப்படியல்ல என்று கண்டுகொண்டார். அவர் அதை மறைக்கவும் இல்லை, ஊர் திரும்பவும் இல்லை. அந்த வரம் ஜெபத்துக்கும் துதிக்கும் உரியது என்று தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டு ஊழியத்தைத் தொடர்ந்தார். நம் மேடைகளில் சொல்லப்படும் பெந்தெகொஸ்தே சரித்திரத்தில் இந்தப் பகுதியை நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால், தேவசத்தத்தைத் தவறாய் விளங்கிக்கொண்டு இடறிப்போன சில வாலிபர் இன்றும் நம் நடுவே இருந்திருப்பார்களோ என்று நினைக்கிறேன்.

பிரியமானவர்களே, வேதம் தன் பரிசுத்தவான்களை எப்படிக் காட்டுகிறது? தாவீதின் பாவம் 2 சாமுவேல் 11-ம் அதிகாரத்தில் அப்படியே இருக்கிறது. பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் எழுதுகின்றன. எலியா சூரைச்செடியின்கீழ் சோர்ந்து படுத்ததை 1 இராஜாக்கள் 19-ல் வாசிக்கிறோம். ஆவியானவர் மறைக்காததை நாம் மறைத்து எழுதினால், வாசிக்கிற எளியவன் “எனக்கு மட்டும்தான் இந்தப் போராட்டம்” என்று எண்ணித் தனிமைப்படுகிறான். நான் நல்லெண்ணத்தோடே கொடுத்த அந்தச் சிறு புத்தகம் அந்தச் சகோதரிக்கு அப்படித்தான் செய்தது. அவர்களுடைய பயத்தை அவிசுவாசம் என்று அது குற்றப்படுத்திற்று. அதே பயத்தோடு ஒரு பெண் கொல்கத்தாவில் வந்திறங்கினார் என்பதைச் சொல்லவில்லை.

கடந்த மாதம் அவர்கள் வீட்டுக்குச் சென்று, டாரதி அம்மையாரின் கதையை இருவருக்கும் முழுவதுமாய்ச் சொன்னேன். சகோதரி அழுதார்கள். சகோதரன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு மனைவியைப் பார்த்து, “நீ என்ன பயப்படுகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை” என்றார். அவர்கள் இன்னும் ஒரு தீர்மானத்துக்கு வரவில்லை. போவதானால் இருவரும் ஒருமனப்பட்டே போவது என்று முடிவுசெய்து, தினமும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். நீங்களும் அவர்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தமுறை ஒரு ஊழியக்காரரின் சரித்திரத்தை வாசிக்கும்போது, அவர் வீட்டார் எங்கே இருந்தார்கள் என்று தேடிப்பாருங்கள். சபையில் சாட்சி சொல்ல எழும்பும்போது, ஜெயத்தோடு காத்திருந்த ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது மனம் சோர்ந்திருந்தால், அவர்களைக் கடிந்துகொள்ளாமல், ஜெபத்தோடுகூட மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். டாரதி அம்மையாருக்கு அந்நாட்களில் கிடைக்காத உதவி இன்று நம் நகரத்தில் உண்டு.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.